சிலேட்டு கொடுத்தால் மட்டும் போதுமா?

செப்டம்பர் 8 உலக எழுத்தறிவு தினம். 1967 முதல் கொண்டாடப்படுகிறது. ரோட்டரி, லயன்ஸ் போன்ற சேவைச் சங்கங்கள் இத்தகைய நாட்களில் சிலேட்டும் நோட்டும் வழங்குகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் ஐம்பது வயதுப் பெண்மணி அந்தச் சிலேட்டை எடுத்துக்கொண்டு எந்த நேரத்தில், யாரிடம் போய் உட்காருவார்?

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80 பேர் எழுத்தறிந்தவர்கள். அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 67 பேர்தான். ரயில்வேயில் என்னுடன் வேலை பார்த்த கேங்மேன்கள் சிலர், தண்டவாளத்தில் ஒரு நூல் வித்தியாசத்தையும் கண்ணாலேயே சொல்லிவிடுவார்கள். சம்பளப் பட்டியலில் மட்டும் கைநாட்டு! அறிவுக் குறைவல்ல, வாய்ப்புக் குறைவு.

எழுத்து என்ன செய்யும் என்பதற்கு இரண்டு சான்றுகள். கடலோர நெல்லூர் மாவட்டத்தில், தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் அறிவொளி வகுப்பில் சாராயத்தின் கேட்டைப் பற்றிப் பாடம் படித்தார்கள். 1992ல் தங்கள் ஊர்ச் சாராயக் கடையையே மூடவைத்தார்கள். போராட்டம் மாநிலமெங்கும் பரவி, 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. இரண்டாவது புதுக்கோட்டை. அங்கே 1991ல் தொடங்கிய அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. இரண்டு இடத்திலும் எழுத்து வாழ்க்கையோடு சேர்ந்தது, அதனால் நிலைத்தது.

சேவைச் சங்கங்கள் செய்யக்கூடியவை என்று எனக்குத் தோன்றுபவை:

1. பத்து ஊரில் தொடக்க விழா வேண்டாம். ஒரே ஊரை இரண்டு ஆண்டுகள் ஏற்றுக் கொள்ளலாம்.

2. கங்காதர நெல்லூர்ப் பக்கம் பால் கறந்து ஊற்றி, சமையல் முடிந்த பிறகுதான் பெண்களுக்கு ஓய்வு. வகுப்பு நேரத்தை அவர்களே சொல்லட்டும்.

3. நாற்பது தாண்டியவர்களுக்குக் கிட்டப் பார்வை மங்கும். கண் சிகிச்சை முகாம் நடத்தும் சங்கம், முதலில் படிப்புக் கண்ணாடி கொடுக்கட்டும்.

4. வீட்டில் தமிழ் பேசினாலும், பஸ் போர்டும் ரேஷன் கடைப் பலகையும் தெலுங்கில்தான். தமிழ்ச் சங்கம் என்பதற்காகப் பிடிவாதம் வேண்டாம். தெலுங்கு எழுத்தை முதலில் சொல்லிக் கொடுத்து, தமிழையும் பின்னால் சேர்க்கலாம்.

5. முதல் புத்தகம் முடிந்ததும் பெரிய எழுத்துப் புத்தகங்களும் ஒரு தினசரியும் ஊரில் இருக்க வேண்டும். இல்லையேல் கற்றது மறந்துவிடும்.

தண்டவாளம் போட்டதோடு வேலை முடிவதில்லை. கீமேன் தினமும் நடந்து பார்க்க வேண்டும். எழுத்தறிவுப் பணியும் அப்படித்தான்.

2022ல் தொடங்கிய மத்திய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் 15 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தன்னார்வலர்களைக் கொண்டே கற்பிக்கிறது. நம் சங்கத்தில் ஓய்வு பெற்றவர்கள் பலர் இருக்கிறோம். மாலையில் ஒரு மணி நேரம் கொடுக்க நான்கு பேர் முன்வந்தால், ஓர் ஊரில் வகுப்பைத் தொடங்கிவிடலாம்.