போர்ட் கெடவில்லை, கணக்குத்தான் இடிக்கிறது

நீல நிற யூஎஸ்பி போர்ட்டில் புதிய பென்ட்ரைவைச் செருகினால் அதன் விளக்கு எரிகிறது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. அதே போர்ட்டில் பழைய மௌஸைச் செருகினால் அது ஒழுங்காக வேலை செய்கிறது. பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டிய கணினியில் அப்பிளின் மெக் இயங்குதளத்தை ஏற்றியவர்கள் ஓயாமல் மல்லுக்கட்டும் கோளாறு இது. இத்தகைய கணினிக்கு ‘ஹக்கின்டொஷ்’ என்று பெயர். மதர்போர்ட் போய்விட்டது என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் போர்ட்டில் ஒரு குறையும் இருக்காது.

மலையகத்துத் தெல்தோட்டையில் இருப்பவருக்கு, போர்ட் உண்மையில் கெட்டதா இல்லையா என்ற வேறுபாடு காசு விஷயம். ஒரு மதர்போர்ட் வேண்டுமென்றால் கலஹா, பேராதனை தாண்டிக் கண்டிக்கு இறங்க வேண்டும். அங்கும் இல்லாவிட்டால் கொழும்பு. பாகமோ டொலர் கணக்கில் நாட்டுக்குள் வருவது. 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியதை மலையகத்தில் கணினி திருத்துகிற எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கலியாண வீடியோ வெட்டுவதற்கு விண்டோஸில் ஓடாத ஃபைனல் கட் புரோ வேண்டும், அசல் மெக் வாங்க வசதியில்லை என்பவருக்கு, தேவையில்லாமல் மாற்றிய ஒரு மதர்போர்ட் பெரிய அடி.

கோளாறின் வேர் 2015இல் வந்த எல் கேப்பிட்டன் பதிப்பில் இருக்கிறது. அதிலிருந்து மெக் இயங்குதளம் ஒரு யூஎஸ்பி கட்டுப்படுத்திக்கு 15 போர்ட்களை மட்டுமே ஏற்கிறது. ஒவ்வொரு கருவியும் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளும் முகவரியில், போர்ட் எண்ணுக்கு நான்கு பிட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். நான்கு பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 15.

பதினைந்து போதாதா? போதாது. நீல போர்ட் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. யூஎஸ்பி 2 வேகத்துக்கான நான்கு தொடுமுனைகளும், யூஎஸ்பி 3 வேகத்துக்கான ஐந்து தொடுமுனைகளும் ஒரே துளைக்குள் இருக்கின்றன. இயங்குதளம் அவற்றை இரு போர்ட்களாக எண்ணும். இன்டெலின் இசட்390 சிப்செட்டில் யூஎஸ்பி 2க்கு 14, யூஎஸ்பி 3க்கு 10 என 24 போர்ட்கள் உண்டு. வரிசையில் முதலில் நிற்பவை மெதுவான 14. வேகமானவற்றுள் பெரும்பாலானவற்றின் முறை வருவதற்குள் கணக்கு முடிந்துவிடும். அதனால்தான் மௌஸ் ஓடுகிறது, புதிய பென்ட்ரைவ் தெரிவதில்லை. மின்சாரம் தனிக் கம்பியில் வருவதால் அதன் விளக்கு எரிவதில் மட்டும் தடையில்லை.

சோதிப்பதற்கு லினக்ஸ் ஏற்றிய ஒரு பென்ட்ரைவ் போதும். அதிலிருந்து கணினியை இயக்கி, சந்தேகப்படும் போர்ட்டில் யூஎஸ்பி 3 கருவியைச் செருகிப் பார்க்க வேண்டும். வேகம் 5000 மெகாபிட் என்று காட்டினால் வன்பொருளில் பிழையில்லை. லினக்ஸிலும் 480தான் என்றால் கேஸைத் திறக்க வேண்டியதுதான். முன்பக்க போர்ட்களின் கேபிள் மதர்போர்ட்டில் வந்து மாட்டும் 19 பின் இணைப்பில் ஒரு பின் வளைந்திருந்தாலும் வேகம் இறங்கிவிடும். மழையும் மூடுபனியும் அதிகமுள்ள ஊரில் தொடுமுனைகளில் படிந்திருக்கும் கறையையும் பார்ப்பது நல்லது. ஐசோபுரொப்பில் அல்ககோலில் தோய்த்த மெல்லிய தூரிகை அதற்குப் போதும்.

வன்பொருள் சரியென்றால் அடுத்தது வரைபட வேலை. ஒவ்வொரு துளையிலும் முதலில் யூஎஸ்பி 2 பென்ட்ரைவையும் பிறகு யூஎஸ்பி 3 பென்ட்ரைவையும் செருகி, எது எந்த எண்ணில் தெரிகிறது என்று குறித்துக்கொண்டு, தேவையான 15ஐ மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். யூஎஸ்பிடூல்பொக்ஸ் என்ற இலவச மென்பொருள் இதை விண்டோஸிலிருந்தே செய்து தருகிறது. இதில் பலர் கோட்டைவிடும் இடம் புளூடூத். அதுவும் உள்ளே ஒரு யூஎஸ்பி போர்ட்டில்தான் தொங்குகிறது. அதன் வகையை 255, அதாவது உள்ளக இணைப்பு, என்று குறிக்காவிட்டால் உறக்கநிலைக்குப் போன கணினி உடனே விழித்துக்கொள்ளக்கூடும்; பழி பவர் சப்ளை மேல் விழும்.

அப்பிள் தன் இயங்குதளத்தைத் தன் கணினிகளில் மட்டுமே நிறுவ உரிமம் தருகிறது. 2008இல் இத்தகைய கணினிகளை விற்கத் தொடங்கிய அமெரிக்காவின் சைஸ்டார் நிறுவனம் அடுத்த ஆண்டே நீதிமன்றத்தில் தோற்றது. 2020இல் அப்பிள் சொந்தச் சிப்புக்கு மாறத் தொடங்கியது. 2025இல் வந்த டஹோதான் மெக் இயங்குதளத்தில் இன்டெல் கணினிகளுக்கான கடைசிப் பதிப்பு. ஆக, இன்று இதற்காகவே புதிதாகப் பாகம் வாங்குவதில் அர்த்தமில்லை. ஏற்கெனவே பூட்டிய கணினியைத் தூக்கிப்போடவும் தேவையில்லை. விண்டோஸிலும் லினக்ஸிலும் இந்தப் பதினைந்து என்ற வரம்பு கிடையாது. மெக்கில் தெரியாமல் போன அதே போர்ட்கள் அங்கே முழு வேகத்தில் ஓடும்.