வயது வந்தோர் பல்வரிசைச் சீரமைப்பு

வயது வந்தோர் பல்வரிசைச் சீரமைப்பு என்பது, தாடை வளர்ச்சி முடிந்த பின்னர் கோணலான, நெருக்கமான அல்லது இடைவெளியுள்ள பற்களை மெல்ல நகர்த்தி ஒழுங்குபடுத்தும் பல் மருத்துவ முறையாகும்.

பல் நகரும் விதம்

பல்லின் மீது மென்மையான விசை தொடர்ந்து செலுத்தப்படும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. மறுபக்கத்தில் புதிய எலும்பு உருவாகிறது. இது நாற்பது, ஐம்பது வயதிலும் நிகழும். எனவே வயதைவிட ஈறும் எலும்பும் நலமாக உள்ளனவா என்பதே முதன்மையானது. ஈறு நோயுடன் பல்லை நகர்த்தினால் எலும்பு மேலும் குறைந்து பல் ஆடக்கூடும். ஆகவே சொத்தையும் ஈறு நோயும் முதலில் குணப்படுத்தப்படுகின்றன.

வகைகள்

உலோகக் கம்பி: சிக்கலான கோணலுக்கும் ஏற்றது, செலவு குறைவு.

பீங்கான் பிடிப்பான்கள்: பல்லின் நிறத்தை ஒத்தவை, எளிதில் உடையலாம்.

அலைனர்: கழற்றக்கூடிய ஒளிபுகும் உறை. நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணியாவிட்டால் பலனளிக்காது.

தாடையெலும்பே முன்பின்னாக அமைந்திருந்தால், பெரியவர்களுக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம்.

தேர்வு

சிகிச்சை பெரும்பாலும் 1 முதல் 2 ஆண்டுகள் நீடிக்கும். சில வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவரைக் காண வேண்டியிருப்பதால், எளிதில் சென்றுவரக்கூடிய இடமே நல்லது. மதுரை தல்லாகுளத்தில் வசிப்பவருக்கு, வைகையின் தென்கரையில் கிழக்கு வெளி வீதியிலுள்ள சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரி அவ்வாறான ஓர் இடமாகும். தனியார் மருத்துவரிடம் செல்வோர், அவர் பல்வரிசைச் சீரமைப்பில் எம்.டி.எஸ். பட்டம் பெற்றவரா என்பதை அறிந்துகொள்ள வேண்டும். எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்காமல் அலைனர் வாங்குவது ஆபத்தானது.

சிகிச்சைக்குப் பின்

கம்பியைக் கழற்றியதும் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்ப முயலும். இதைத் தடுக்க ரிடெய்னர் அணிய வேண்டும். பெரியவர்களுக்கு இது பல ஆண்டுகள், சிலருக்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்படும். அதன் செலவையும் தொடக்கத்திலேயே கேட்டறிவது நலம்.