'சாப்பிடுறேன் டாக்டர்'

கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து அரசாங்கக் கிளினிக்குகளில் நம்பர் வாங்கி, காலை முழுக்கக் காத்திருந்து உள்ளே போகும் நம் பெரியவர்கள் பலர் டாக்டரிடம் பேசுவது மிகக் குறைவு. மருந்து சாப்பிடுகிறீர்களா? 'சாப்பிடுறேன் டாக்டர்.' புரிந்ததா? 'சரி டாக்டர்.' தோட்டத்து டிரெசர் (மருத்துவ உதவியாளர்) கொடுத்ததை மறுபேச்சில்லாமல் விழுங்கி வளர்ந்த தலைமுறை அது. டாக்டரை எதிர்த்துக் கேட்பது மரியாதைக்குறைவு என்பது அவர்கள் எண்ணம். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரோ, புரியாவிட்டால் கேட்பார்கள் என்று எதிர்பார்க்கும் படிப்பில் வந்தவர். அவர் தமிழராகவே இருந்தாலும் இந்த இடைவெளி தானாக மூடிவிடுவதில்லை.

மறைத்த மாத்திரை என்ன செய்யும்?

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு. ஆகவே நம் வீடுகளில் அதிகம் மறைக்கப்படுவதும் இனிப்புநீர் மாத்திரையாகத்தான் இருக்கும்.

மாத்திரை 'சூடு', கிட்னியைக் கெடுக்கும் என்று யாரோ சொல்ல, ஒருவர் பாதியை நிறுத்திவிட்டுப் பாகற்காய்ச் சாறு குடிக்கிறார் என்று வையுங்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ஏறுகிறது. 'எல்லாம் சாப்பிடுறேன்' என்ற பதிலை நம்பும் டாக்டர், மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டுகிறார், அல்லது இன்சுலின் எழுதுகிறார். வீட்டில் அதுவும் பாதிதான். ஒருநாள் காய்ச்சலென்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்கிறார். அங்கே தாதி, எழுதியிருக்கும் முழு அளவையும் நேரம் தவறாமல் கொடுக்கிறார். காய்ச்சலில் சாப்பாடும் இறங்கவில்லை. சர்க்கரை சரசரவென்று குறைந்து, வியர்வை, நடுக்கம், மயக்கம். மருந்துச்சீட்டு எழுதியவர் மீது தவறில்லை. அவருக்குக் கிடைத்த தகவல்தான் தவறு.

கஷாயம், ஜாமு, சித்த மருந்து எதுவானாலும் பொட்டலத்தோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். இங்கே பாரம்பரிய மருத்துவத்துக்கென்று 2016லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது; ஒளிக்க வேண்டிய காரியமல்ல. திட்டுவார்களோ என்ற பயம் நியாயமானதுதான். சிலர் திட்டவும் செய்கிறார்கள். அந்த டாக்டர்கள் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் அது. 'சாப்பிடுகிறீர்களா?' என்பதைவிட 'வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போகிறது?' என்று கேட்டால் உண்மை சுலபமாக வெளியே வரும்.

நோன்பைக் கேட்பார்கள், விரதத்தை?

ரமலான் நெருங்கினால் முஸ்லிம் நோயாளிகளிடம் நோன்பைப் பற்றி டாக்டர்களே பேச்செடுக்கிறார்கள். மருந்து நேரத்தை மாற்றித் தருகிறார்கள். புரட்டாசிச் சனி, கந்த சஷ்டியின் ஆறு நாள், பத்துமலைக்குக் காவடி எடுப்பவரின் நீண்ட விரதம் பற்றி அவர்களாகக் கேட்பது அரிது, தெரிந்தால்தானே! கிளிகிளாசைடு மாத்திரை, இன்சுலின் எடுத்துக்கொண்டு வயிற்றைக் காயப்போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். எனவே விரதம் தொடங்குமுன் நாமே சொல்ல வேண்டும். சர்க்கரை பார்க்கும் கருவியில் லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே காட்டினால் விரதத்தை அங்கேயே முடித்து இனிப்பு எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த 4 என்பது தமிழ்நாட்டு உறவினர் வாட்ஸ்அப்பில் சொல்லும் கணக்கில் 72. இங்கத்து எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். இது தெரியாமல் 'எனக்கு வெறும் 11தான்' என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அது அங்கே 198!

மகன் மொழிபெயர்த்தால்

தமிழ் மட்டுமே சரளமாக வரும் அம்மாவுக்கு மகன்தான் மொழிபெயர்ப்பாளர். பாசத்தில் குறையில்லை. ஆனால் மாதவிடாய் நின்றபின் மீண்டும் இரத்தம் படுவதை எந்தத் தாய் மகனை வைத்துக்கொண்டு சொல்வார்? கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கக்கூடிய சங்கதி அது. இது போன்றவற்றுக்குத் தமிழ் பேசும் தாதி யாராவது இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். எதிர்ப்பக்கமும் இதே கதைதான்: டாக்டர் 'புற்றுநோய்' என்கிறார், மகன் 'கட்டி' என்று மென்மையாக்குகிறார், ஏன் இத்தனை ஊசி என்று தெரியாமலே அம்மா சிகிச்சைக்குப் போவதை நிறுத்திவிடுகிறார். எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை அம்மாவிடமே கேட்கலாம். பலருக்கு நாம் நினைப்பதைவிட நெஞ்சுரம் அதிகம்.

கையெழுத்துக்கு முன்

சாலை விபத்தில் காயமடைந்து 1982இல் கழுத்தெலும்பு அறுவைக்குப்பின் உடல் செயலிழந்த ஃபூ ஃபியோ நா தொடுத்த வழக்கில், 2006 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சிகிச்சையின் ஆபத்துகளில் எதைச் சொல்வது என்பதை மருத்துவர்களின் வழக்கத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, நோயாளிக்கு முக்கியமானது சொல்லப்பட வேண்டும் என்ற நிலை இங்கே அதன்பின் உறுதிப்பட்டது. ஆகவே அறுவைக்கு முன் சம்மதத் தாளை நீட்டும்போது மூன்றைக் கேளுங்கள்: என்ன தவறு நேரலாம், வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும்? பதில் கேட்டபின், 'நான் புரிந்துகொண்டது இதுதான்' என்று உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் அப்போதே டாக்டர் திருத்திவிடுவார். அவசர அறுவை இல்லையென்றால், வீட்டில் பேசிவிட்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லவும் உங்களுக்கு இடமுண்டு.