முதியோர் இல்லமும் அதன் தலைமையும்

விடுதியில் வாழும் நமக்கு ஓர் உண்மை தெரியும். விடுதி வாழ்வின் இன்பமும் துன்பமும் சின்னஞ்சிறு செய்திகளில் அடங்கியிருக்கின்றன. மெஸ்ஸில் இன்று சாம்பாரா, வட நாட்டுப் பருப்பா? வெந்நீர் எத்தனை மணி வரை வரும்? வாயிற்கதவை எப்போது அடைப்பார்கள்? வார்டன் நல்லவராக வாய்த்தால் இவையெல்லாம் தாமே சரியாகிவிடும். வாய்க்காவிட்டால் நாள்தோறும் ஒரு வழக்கு. ஆயினும் நமக்கு ஓர் ஆறுதல் உண்டு. படிப்பு முடிந்ததும் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவோம்.

புறப்படும் நாள் இல்லாத ஒரு விடுதியை எண்ணிப் பாருங்கள். அங்கே வாழ்பவர் எண்பது வயதைக் கடந்தவர். ஐம்பது ஆண்டுக் காலம் தம் சமையற்கட்டைத் தாமே ஆண்ட அம்மையார், அல்லது அலுவலகத்தில் நூறு பேரை வேலை வாங்கிய பெரியவர். இன்று அவர் எப்போது எழவேண்டும், எப்போது குளிக்கவேண்டும், எதை உண்ணவேண்டும் என்பவற்றைப் பிறர் முடிவு செய்கின்றனர். முதியோர் இல்லத்தைப் பற்றிப் பேசும்போது பிள்ளைகளின் நன்றியின்மையைப் பற்றியே நம்மவர் பேசி முடித்துவிடுகின்றனர். அந்த வழக்கை இங்கே எடுக்கப்போவதில்லை. உள்ளே சென்றவர்கள் எப்படி வாழ்கிறார்கள், அவ்வாழ்வை நல்லதாகவோ கெட்டதாகவோ ஆக்குவது யார் என்பதே நம் கேள்வி.

இக்கேள்வி நமக்குத் தொலைவிலுள்ளது அன்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அறுபது வயதைக் கடந்தவர்கள் இந்திய மக்களில் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டிலோ 10.4 பேர். ஊரை விட்டுப் படிக்கவும் பிழைக்கவும் வெளியேறிய பிள்ளைகளின் பெற்றோரை நம்பியே கோவையைச் சுற்றிப் பணம் கட்டி வாழும் முதியோர் குடியிருப்புகள் பல எழுந்துள்ளன. ஊரை விட்டு வந்தவர்களில் நாமும் இருக்கிறோம்.

முதியோர் இல்லத்தின் பழைய முகத்தை அறிய இங்கிலாந்தைச் சற்றுப் பார்க்கவேண்டும். அங்கே ஆதரவற்ற முதியோர் நெடுங்காலம் வறியோர் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தனர். அவ்விடுதியின் தலைவருக்கு ‘மாஸ்டர்’ என்றே பெயர். பெயருக்கேற்ற ஆட்சிதான். 1948-ல் இயற்றப்பட்ட தேசிய உதவிச் சட்டம் அந்த முறைக்கு முடிவு கட்டியது. அமைச்சர் அன்யூரின் பெவன் அதற்கு ஈடாகச் சொன்ன கருத்து புதுமையானது: தலைவருக்கும் முதியவருக்கும் இடையே உள்ள உறவு, ஓட்டல் மேலாளருக்கும் அங்கே தங்க வருபவருக்கும் உள்ள உறவாக மாறவேண்டும், ஓர் இல்லத்தில் இருபத்தைந்து, முப்பது பேருக்கு மேல் கூடாது. ஓய்வூதியமான 26 ஷில்லிங்கில் 21-ஐ உணவுக்கும் உறைவிடத்துக்கும் கொடுத்துவிட்டு, 5 ஷில்லிங்கை முதியவர் தம் கைச்செலவுக்கு வைத்துக்கொள்வார். பணம் கொடுத்துத் தங்குபவரை யாரும் அதட்டமுடியாது அல்லவா?

சட்டம் மாறியது, கட்டடங்கள் மாறவில்லை. பீட்டர் டவுன்செண்டு என்னும் சமூகவியலார் பத்தாண்டுகளுக்குப் பின் 173 இல்லங்களை நேரில் கண்டு, 1962-ல் ‘கடைசிப் புகலிடம்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். பழைய வறியோர் விடுதிகளே பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு நடந்துவருவதை அவர் கண்டார். உள்ளே இருந்தவர்களிற் பலர் நோயால் அங்கு வரவில்லை. வீடில்லாமையும் ஆளில்லாமையும் அவர்களை அங்கே தள்ளியிருந்தன. இத்தகைய இல்லங்களைப் படிப்படியாகக் கைவிட்டு, முதியோர் தம் வீட்டிலேயே வாழ உதவவேண்டும் என்பது அவர் முடிவு. அது நல்ல முடிவுதான். ஆனால் வீட்டில் தூக்கிவிட ஓர் ஆள் இல்லாதவருக்கு இல்லம் வேண்டியிருக்கிறதே!

இனி அன்றாட வாழ்வுக்கு வருவோம். பல இல்லங்களில் விடியற்காலை ஐந்து மணிக்கே விளக்கைப் போட்டு முதியோரை எழுப்பிவிடுகின்றனர். அவர்கள் எழுந்து செய்யவேண்டிய வேலை ஒன்றும் இல்லை. பின் ஏன் எழுப்புகிறார்கள்? இரவு முறை ஆயா ஆறு மணிக்கு வீடு திரும்பவேண்டும். அதற்குள் அத்தனை பேருக்கும் முகம் கழுவி உடை மாற்றிவிடவேண்டும். மாலை ஆறரை மணிக்கே இரவு உணவு ஏன்? சமையற்காரருக்குக் கடைசிப் பேருந்து இருக்கிறது. ஆறரைக்கு உண்டவர் காலை எட்டு மணிச் சிற்றுண்டி வரை பதின்மூன்றரை மணி நேரம் வெறும் வயிற்றோடு கிடக்கவேண்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர்க்கு இது வெறும் அசௌகரியம் மட்டும் அன்று, ஆபத்து. ஆயாவும் கெட்டவர் அல்லர். சமையற்காரரும் கெட்டவர் அல்லர். வேலை முறை அப்படி வகுக்கப்பட்டிருக்கிறது.

தலைமை என்பதை இங்கேதான் காணவேண்டும். ஆண்டுவிழாவில் மாலை வாங்கிக்கொள்வது தலைமை ஆகாது. காலை முறை மாறும் நேரத்தை ஆறிலிருந்து எட்டுக்குத் தள்ளி வைக்க ஒருவர் முடிவு செய்யவேண்டும். விரும்பியவர் ஏழு மணி வரை உறங்கட்டும், இட்லியை இரண்டு ஈடாக ஊற்றலாம் என்று சமையற்கட்டில் சொல்லவேண்டும். இரவு ஒன்பதுக்கு ஒரு தம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுக்க ஆளை வைக்கவேண்டும். இதற்கெல்லாம் பெரும்பணம் வேண்டியதில்லை. ஆனால் இவற்றை ஆயாவால் தானாகச் செய்யமுடியாது, முதியவராலும் முடியாது. மேட்ரனோ மேலாளரோ செயலாளரோ, பெயர் எதுவாயினும், பொறுப்பில் இருப்பவர் ஒருவரால்தான் முடியும்.

இதற்குச் சான்றாக ஓர் ஆய்வைச் சொல்லலாம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஆர்டன் ஹவுஸ் என்ற முதியோர் இல்லம். எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலார் அங்கே செய்த ஆய்வு 1976-ல் வெளிவந்தது. இரண்டு மாடிகளில் இருந்த 91 முதியோரை அவர்கள் எடுத்துக்கொண்டனர். இல்லத்தின் மேலாளரே இரு மாடியினரையும் தனித்தனியே கூட்டிப் பேசினார். ஒரு மாடியில் அவர் சொன்னதன் சாரம் இது: உங்கள் அறையை எப்படி அமைப்பது என்பது உங்கள் விருப்பம், குறை இருந்தால் சொல்லுங்கள், இதோ செடிகள், வேண்டுமானால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நீங்களே வளர்க்கலாம், அடுத்த வாரம் இரு நாள் திரைப்படம் உண்டு, எந்த நாள் வருவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். மற்ற மாடியிலும் அதே அன்போடுதான் பேசினார். ஆனால் அங்கே, உங்களை மகிழ்ச்சியாக வைத்திருப்பது எங்கள் பொறுப்பு என்றார். செடியைக் கையில் கொடுத்து, செவிலியர் நீர் ஊற்றுவார் என்றார். திரைப்பட நாளையும் அவரே குறித்துக் கொடுத்தார்.

மூன்று வாரங்கள் கழிந்தன. ஆய்வின் நோக்கம் அறியாத செவிலியர்கள் முதியோரை மதிப்பிட்டனர். முதல் மாடியில் நூற்றுக்கு 93 பேர் முன்னேறியிருந்தனர். இரண்டாவதில் நூற்றுக்கு 71 பேர் முன்னிலும் தளர்ந்திருந்தனர். பதினெட்டு மாதங்களுக்குப் பின் முதற்பிரிவின் 47 பேரில் 7 பேரும், மற்றதன் 44 பேரில் 13 பேரும் இறந்திருந்தனர். இந்த இறப்புக் கணக்கைப் பெரிதாக எடுத்துச் சொல்பவர் பலர். அதில் கணக்குப் பிழை இருந்ததென்றும், வேறுபாடு முதலில் எண்ணிய அளவு உறுதியானது அன்று என்றும் ஆய்வாளர்களே 1978-ல் திருத்தம் வெளியிட்டதைச் சொல்பவர் சிலரே. ஆகவே செடிக்கு நீர் ஊற்றினால் ஆயுள் கூடும் என்று நாம் சொல்லவேண்டாம். எனினும் ஒன்று நிற்கிறது. உணவு ஒன்று, கட்டடம் ஒன்று, பேசியவரும் ஒருவரே. முதல் மாடியில் சொன்ன உரிமைகளிற் பல முன்பே அவர்களுக்கு இருந்தவைதாம். தலைவர் அதை வாய்விட்டுச் சொன்னதே வேறுபாடு.

அன்பினால் ஒருவரை முடக்கிவிட முடியும் என்பது நம் நாட்டு இல்லங்களுக்கு மிகவும் பொருந்தும். ‘பாட்டி, நீ சும்மா உட்கார், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஓர் ஆயா சொன்னால் நாம் நெகிழ்ந்து போகிறோம். ஆனால் கீரை ஆயத் தெரிந்த கையைச் சும்மா வைத்திருப்பதில் என்ன அன்பு? அந்த ‘நீ’ என்ற சொல்லையும் கவனியுங்கள். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவரை நேற்று வரை ஊரே ‘சார்’ என்றது. இல்லத்தில் நுழைந்த மறுநாள் அவர் ‘தாத்தா’ ஆகிவிடுகிறார். எப்படி அழைக்கப்பட விரும்புகிறீர்கள் என்று சேரும் நாளிலேயே கேட்டு எழுதிவைக்கும் இல்லம் நல்ல இல்லம்.

பாதுகாப்புப் பற்றிய சிக்கல் இதைவிடக் கடினமானது. விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். முறிந்தால் பழி மேலாளர் மேல் வரும். ஆகவே நடக்கவிடாமல் நாற்காலியில் உட்கார்த்தி வைப்பதே எளிது. அமெரிக்காவில் முதியோரைக் கட்டிலோடும் நாற்காலியோடும் பிணைத்து வைப்பதே ஒரு காலத்தில் சாதாரண வழக்கமாக இருந்தது. பணியாளரின் வசதிக்காகவோ தண்டனையாகவோ ஒருவரைக் கட்டி வைக்கக்கூடாது என்று 1987-ல் அங்கே சட்டம் வந்தபின் அவ்வழக்கம் பெரிதும் குறைந்தது. கட்டிப்போட்டவர்க்குத் தசை வற்றுகிறது, படுக்கைப் புண் வருகிறது. எழும்போது முன்னிலும் எளிதாக விழுகிறார். வாயில் வரை நடந்து சென்று பேப்பர் வாங்கி வர விரும்பும் பெரியவரைத் தடுப்பதா, கைப்பிடிக் கம்பி அமைத்துக் கொடுத்து அனுப்புவதா? விழுந்தால் நான் பதில் சொல்கிறேன் என்று மகனிடமும் ஆயாவிடமும் சொல்லக்கூடிய தலைவர் இருக்கும் இடத்தில்தான் அவர் நடப்பார்.

நம் மெஸ் கமிட்டியைப் போல முதியோரும் ஒரு குழு அமைத்துக் குறைகளைச் சொல்லலாமே என்று தோன்றும். அமைக்கவேண்டியதுதான். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. நாம் மெஸ் செயலாளரைத் திட்டிவிட்டு எதிரிலுள்ள கடையில் பரோட்டா தின்னப் போய்விடலாம். நடக்கமுடியாத ஓர் அம்மையார் பகலில் ஓர் ஆயாவின் மேல் குறை சொன்னால், இரவில் அதே ஆயாவின் கையைப் பிடித்துத்தான் கழிப்பறைக்குப் போகவேண்டும். அவர் வாய் திறப்பாரா? ‘எங்கள் இல்லத்தில் ஒரு புகாரும் இல்லை’ என்று பெருமைப்படும் மேலாளரைக் கண்டால் ஐயுறவேண்டும். முன்னறிவிப்பின்றி இரவு இரண்டு மணிக்கு வந்து பார்ப்பவர், முதியோர் பந்தியில் அமர்ந்து அதே சோற்றை உண்பவர், ஆயாக்களுக்கு மாதச் சம்பளத்தைத் தவறாமல் கொடுப்பவர், இவருக்கே உண்மை தெரியவரும். சம்பளத்தை இங்கே சேர்த்தது வேண்டுமென்றேதான். ஆயா மாதந்தோறும் மாறிக்கொண்டிருந்தால், எந்தப் பக்கம் புரண்டு படுத்தால் யாருக்கு வலிக்கும் என்பது எவருக்கும் தெரியாமல் போகும்.

நம் நாட்டுச் சட்டம் இதில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் நிறைவேறியது. மாவட்டத்திற்கு ஒன்றேனும் தொடங்கி, ஒவ்வொன்றிலும் 150 வறிய முதியோராவது தங்கும்படி இல்லங்களை மாநில அரசு ‘ஏற்படுத்தலாம்’ என்கிறது அதன் 19-ஆவது பிரிவு. ‘வேண்டும்’ என்று சொல்லவில்லை. நூற்றைம்பது என்ற எண்ணும் நமக்குக் கவலை தருகிறது. பெவன் நினைத்த முப்பது பேரின் பெயரை ஒரு மேலாளர் நினைவில் வைத்துக்கொள்வார். நூற்றைம்பது பேர் அவருக்குப் பெரும்பாலும் கட்டில் எண்களாகவே இருப்பார்கள்.

மாணவர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்று நெதர்லாந்தில் உண்டு. டெவென்டர் நகரிலுள்ள ஹியூமானிடாஸ் என்னும் இல்லத்தின் தலைவியான கேயா சைப்கெஸ் 2012-ல் ஓர் ஏற்பாடு செய்தார். காலி அறைகளை மாணவர்க்கு வாடகையின்றிக் கொடுத்தார். மாதம் 30 மணி நேரம் அவர்கள் நல்ல அண்டை வீட்டாராக இருக்கவேண்டும் என்பதே நிபந்தனை. செவிலியர் வேலை அவர்களுக்கு இல்லை. சேர்ந்து உண்பார்கள், கணினி கற்றுக்கொடுப்பார்கள், பிறந்தநாள் கொண்டாடுவார்கள். சுமார் 160 முதியோரிடையே ஆறு மாணவர்கள்தாம். ஆயினும் மூட்டுவலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர்கள், எந்த மாணவன் எந்தப் பெண்ணோடு சுற்றுகிறான் என்று பேசத் தொடங்கினார்களாம்!

நாம் வாழும் இந்நகரிலும் முதியோர் இல்லங்கள் உண்டு. பிள்ளையின் வேலையை நம்பி இவ்வூருக்கு வந்து, பின் தனித்துப்போன தமிழ் முதியோர் அவற்றில் ஒருவரோ இருவரோ இருக்கக்கூடும். மறதி நோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மொழி மட்டும் எஞ்சி நிற்பது பலரிடம் காணப்படுவது. இந்தி மட்டும் அறிந்த ஆயாவிடம் ஒருவர் தமிழில் தண்ணீர் கேட்டால், அவர் பிதற்றுகிறார் என்றே குறிப்பேட்டில் எழுதப்படும். நம் சங்கத்தார் ஞாயிறுதோறும் இருவர் சென்று, தண்ணீர், வலி, பசி, குளிர், கழிப்பறை போன்ற இருபது தமிழ்ச் சொற்களைத் தேவநாகரியில் எழுதி அந்தக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிட்டு வரலாம். போகும் முன் மேலாளரிடம் அனுமதி கேட்கவேண்டும். அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதிலிருந்தே அந்த இல்லத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.