நிரலும் அரங்கேற்றமும்

தான் எழுதியதில் உள்ள பிழை தன் கண்ணுக்குத் தோன்றுவது அரிது. எழுதியவன் தாளில் உள்ளதைப் படிப்பதில்லை. தன் நெஞ்சில் உள்ளதையே படிக்கின்றான். விடுபட்ட சொல்லையும் அவன் மனம் தானே நிரப்பிக்கொள்கின்றது. ஆதலின், ஒருவர் இயற்றிய நூலை அறிவுடையார் அவையில் படித்துக் காட்டி, அவர் வினவும் வினாக்களுக்கு விடை கூறி, அதன் பின்னரே உலகிற்கு வழங்குதல் தமிழ் மக்களிடம் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். இதற்கு அரங்கேற்றம் என்பது பெயர்.

தொல்காப்பியம் பாண்டியன் அவைக்களத்தில் அதங்கோட்டாசான் என்னும் பேராசிரியர் முன் அரங்கேறியது என்பதை அந்நூலின் சிறப்புப் பாயிரத்தால் அறிகின்றோம். 19ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) திருநாகைக் காரோணப் புராணத்தை இயற்றி, அதனை நாகப்பட்டினத்திலேயே அரங்கேற்றினார். இத்தகைய தலபுராணங்கள் ஒரே நாளில் அரங்கேறி முடிவதில்லை. நாள்தோறும் சில பாடல்கள் படிக்கப்பெறும்; பொருள் விரித்துரைக்கப்பெறும்; ஐயம் கொண்டோர் வினவுவர்; நூலாசிரியர் விடையிறுப்பார்.

இவ்வழக்கத்தோடு ஒப்பிடத்தக்க முறையொன்று இக்காலக் கணினித் தொழிலில் உள்ளது. கணினி தானே சிந்திப்பதன்று. இன்னதை இவ்வாறு செய்க என்று வரிவரியாக எழுதித் தரும் கட்டளைகளின்படியே அஃது இயங்கும். அக்கட்டளைத் தொகுதிக்கு நிரல் என்பது பெயர். அதனை எழுதுவோர் நிரலர் எனப்படுவர். ஒரு நிரலர் எழுதிய பகுதியை, அது பயனுக்கு வருமுன், அவருடன் பணிபுரியும் மற்றொருவர் படித்துப் பார்த்துக் குற்றங்களை எடுத்துக் கூறுதல் நிரலாய்வு ஆகும். தொழிலகங்களில் இதனைக் ‘கோட் ரிவியூ’ என வழங்குவர்.

நிரலில் நேரும் பிழை கணினியோடு நின்றுவிடுமோ எனின், நில்லாது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் காலையில் சுமத்திரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. இரண்டு மணி நேரத்திற்கு மேல் கழிந்த பின்னரே ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையை அடைந்தது. எனினும், இந்துமாக்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பு இல்லாமையால், அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் அழிவுற்றன. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். அதன்பின், 2007ஆம் ஆண்டு அக்டோபரில் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தோன்றியது. நில அதிர்வுக் கருவிகளும், கடலடியின் அழுத்தத்தை அளக்கும் கருவிகளும், கரையோர நீர்மட்டக் கருவிகளும் அனுப்பும் செய்திகளைக் கணினிகள் ஏற்றுக் கணிக்கின்றன. ஆகவே, கடற்கரையில் வலை உலர்த்தும் மீனவரின் உயிர்க்காவலில் முன்பின் அறியாத ஒருவர் எழுதிய நிரலுக்கும் பங்குண்டு. அதனை மற்றொருவர் செவ்வையாகப் படித்தாரா என்பது சிறு வினாவன்று.

நிரலாய்வை ஒழுங்குபட்ட முறையாக வகுத்தவருள் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய மைக்கேல் ஃபேகன் குறிப்பிடத்தக்கவர். 1976ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை, சிலர் கூடியமர்ந்து நிரலை வரிவரியாக ஆயும் முறையை விளக்கியது. 1991ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்சு என்னும் மென்பொருளின் மாற்றங்களைப் பல நாட்டு நிரலர்கள் வெளிப்படையாக ஆய்ந்து வருகின்றனர். ஒரு மாற்றத்தை எழுதியவர் பெயரோடு அதனை ஆய்ந்தவர் பெயரையும் பொறிக்கும் வழக்கம் அங்கே உண்டு. நூல் எங்கே, எவர்முன் அரங்கேறியது என்பதைப் பாயிரம் பதிந்து வைப்பதும் இத்தகையதே அன்றோ?

எனினும், ஆய்வு நடந்தது என்பதனாலேயே பிழை அகன்றது என்று கொள்ளலாகாது. ஓப்பன்-எஸ்.எஸ்.எல். என்பது இணையத்தில் செல்லும் செய்திகளை மறைபொருளாக்கிக் காக்கும் மென்பொருள். 2011ஆம் ஆண்டின் இறுதி நாளில் அதனுள் ஒரு புதிய பகுதி சேர்க்கப்பட்டது. எழுதியவர் ஒருவர், அதனைப் படித்து ஏற்றவர் மற்றொருவர். அப்பகுதியின் வேலை, வந்த செய்தியை வந்தவாறே திருப்பி அனுப்புதல். அனுப்புபவர் தம் செய்தியின் நீளத்தைத் தாமே குறித்தனுப்புவர். குறித்த நீளமும் உண்மை நீளமும் ஒன்றுதானா என்று பார்க்கும் கட்டளை அதில் விடுபட்டுப் போயிற்று. ஒரு சொல்லே உள்ள கடிதத்தை நூறு சொல் உடையது என்று கூறித் தந்தால், அதனைப் படியெடுக்கும் எழுத்தர், மேசைமேல் கிடக்கும் பிறர் கடிதங்களிலிருந்தும் எடுத்து நூறு சொற்களை நிரப்பித் தருவது போல, அந்நிரல் பிறருடைய மறைச்செய்திகளை அயலாருக்கு வழங்கிவிட்டது. ‘ஹார்ட்பிளீட்’ எனப் பெயர் பெற்ற இப்பிழை 2014ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் உலகறிய வெளிப்பட்டது. எழுதியவர் காணாததைப் படித்தவரும் காணவில்லை. பார்த்தல் வேறு, ஆய்தல் வேறு என்பதற்கு இது தக்க சான்றாகும்.

அங்ஙனமாயின், ஆய்வு பொருளுடையதாவது எவ்வாறு? முதலாவது, படிக்கத் தரும் பகுதி சிறியதாக இருத்தல் வேண்டும். நூறு வரிகளைத் தந்தால் படிப்பவர் ஒவ்வொரு வரியிலும் நின்று நோக்குவர். ஐயாயிரம் வரிகளை ஒருங்கே தந்தால் ‘நன்று’ என்னும் ஒரே சொல்லோடு விடுத்துவிடுவர். புராணமும் நாளுக்குச் சில பாடலாகவே அரங்கேறியது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இரண்டாவது, நிரலுக்கும் ஒரு பாயிரம் வேண்டும். நூலின் பயன் இன்னதென்று பாயிரம் கூறவேண்டும் என்பது நன்னூல் காட்டும் நெறி. அவ்வாறே நிரலரும், தாம் செய்த மாற்றம் யாது, அதனைச் செய்த காரணம் யாது, அதனால் விளையும் பயன் யாது என்பவற்றைச் சில தொடர்களில் எழுதி முன்வைத்தல் வேண்டும். நோக்கத்தை அறியாதவர், நோக்கம் நிறைவேறியதா என்று எங்ஙனம் ஆராய்வர்?

மூன்றாவது, எதனைத் தேடுவது என்னும் தெளிவு வேண்டும். நூற்குற்றங்கள் பத்து என்பர் நன்னூலார். அவற்றுட் பல நிரலுக்கும் பொருந்துதல் வியப்புக்குரியது. வேண்டிய சோதனையை விட்டுவிடுதல் குன்றக் கூறல் ஆகும். ஒரே கணக்கைப் பல இடங்களில் எழுதி வைத்தல் கூறியது கூறல். பின்னர் ஓரிடத்தைத் திருத்துவோர் மற்றோரிடத்தை மறந்துவிடுவர். பெயர்களைப் பொருள் விளங்காவாறு இடுதல் மயங்க வைத்தல். ஒருகாலும் இயங்காத வரிகளை நீக்காது வைத்திருத்தல் நின்று பயனின்மை. ஒரு பகுதி ஓர் அளவையிலும், மற்றொரு பகுதி வேறோர் அளவையிலும் கணக்கிடுதல் மாறுகொளக் கூறல். இக்குற்றத்தாலேயே 1999ஆம் ஆண்டில் செவ்வாய்க் கோளை நோக்கிச் சென்ற அமெரிக்க விண்கலம் ஒன்று அழிந்தது. உந்துவிசைக் கணக்கை ஒரு குழுவினர் பவுண்டிலும், அதனைப் பெற்ற குழுவினர் நியூட்டனிலும் கொண்டமையே அதற்குக் காரணம்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கடலலையின் உயரத்தைக் கொண்டு எச்சரிக்கை விடுக்கும் நிரலை ஒருவர் எழுதினார் என்று கொள்வோம். அலை மூன்றுக்கு மேல் உயரின் செய்தி அனுப்புக என்பது அதில் ஒரு வரி. ஒருவர் அதனைப் படித்து, வரிகளுக்கிடையே இடைவெளி போதாது என்று மட்டும் குறிக்கின்றார். பணிக்குப் புதியவராகிய மற்றொருவரோ, “மூன்று என்பது மீட்டரோ, அடியோ? கருவியிலிருந்து அளவே வரவில்லையாயின் நிரல் யாது செய்யும்?” என்று வினவுகின்றார். முன்னவர் கூறியது பொய்யன்று. எனினும் அத்தகைய ஒழுங்கைக் கணினியே திருத்திவிடும். பின்னவர் வினாவோ ஓர் ஊரையே காக்கவல்லது.

நான்காவதாகிய நெறி பண்பைப் பற்றியது. குற்றம் நிரலில் உள்ளதேயன்றி நிரலரிடம் உள்ளதன்று என்று கருதிப் பேசுதல் வேண்டும். “இவ்வளவும் தெரியாதா?” என்று ஒருமுறை இகழப்பெற்றவர் அடுத்த முறை தம் நிரலை மனம் விரும்பிக் காட்டார். குறை கூறுவோர் அதன் காரணத்தையும் கூறுதல் வேண்டும்; தமக்கு உகந்த நடையையே நெறியெனத் திணித்தலும் ஆகாது. இளையவர் வினவினால் மூத்தவர் முகஞ்சுளித்தலும், மூத்தவர் எழுதியது என்பதற்காக இளையவர் வாய் திறவாதிருத்தலும் தவிர்க்கத்தக்கன. தலைவர் ஆய்ந்தோரின் குறிப்புகளை எண்ணிக்கையால் அளந்து பரிசளிப்பாராயின், சிறு குறைகள் பெருகும், பெரும்பிழைகள் ஒளிந்துகொள்ளும்.

ஆய்ந்து ஏற்றபின் அந்நிரல் ஒருவருடையதன்று. குழுவினர் அனைவருக்கும் உரியது. பிற்காலத்தில் பிழை தோன்றுமாயின், எழுதியவரை மட்டும் சுட்டுதல் அறமாகாது. ஏற்றவருக்கும் அதில் பங்குண்டு. அப்பொறுப்பை உணர்ந்தவர் படியாமல் ‘நன்று’ எனக் கூறார். படித்த இருவருள் ஒருவர் ஊர் சென்றாலும், பணி துறந்தாலும், மற்றவர் அந்நிரலை அறிந்திருப்பார் என்பது இதனால் வரும் மற்றொரு நன்மை.

தன் எழுத்தைப் பிறர்முன் வைத்தற்குத் துணிவு வேண்டும். பிறர் எழுத்தை உண்மையாகப் படித்தற்குப் பொறுமை வேண்டும். இவ்விரண்டும் கூடிய இடத்தில் எழுதுபவரும் வளர்வர், ஆய்பவரும் வளர்வர், அவர்கள் ஆக்கிய பொருளை நம்பி வாழும் மக்களும் தீங்கின்றி வாழ்வர்.