"படம் எப்படி?"

"படம் எப்படி?"

சினிமா பார்த்துவிட்டு வருகிறவரிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி இது.

முதல் ஆட்டம் முடிந்து கூட்டம் வெளியே வருகிறது. அடுத்த ஆட்டத்துக்குக் காத்து நிற்பவர்கள் கேட்கிறார்கள். மறுநாள் காலையில் டீக்கடையில் கேட்கிறார்கள். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

பதில் பெரும்பாலும் ஒரே சொல்லில் வந்துவிடும்.

"பிரமாதம்!"

அல்லது, "போகாதே! காசுக்குக் கேடு!"

அந்த ஒரு சொல்லுக்கு இருக்கும் பலம் கொஞ்சநஞ்சம் அல்ல. அது ஒரு படத்தை நூறு நாள் ஓட்டும். ஒரே வாரத்தில் பெட்டிக்குள் சுருட்டியும் வைக்கும்.

அந்தச் சொல் எப்போதும் சரியாக இருக்கிறதா?

இல்லை! அதற்குச் சாட்சியாக ஒரு படம் இருக்கிறது. 70 ஆண்டுகளுக்கு முன்பு வந்த படம்.

பாட்டு கிடையாது!

1954-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். தமிழ்ப் புத்தாண்டு நேரம். "அந்த நாள்" என்ற படம் திரைக்கு வந்தது.

எடுத்தவர், பட அதிபர் ஏ.வி.மெய்யப்பன். டைரக்டர், எஸ்.பாலசந்தர். கதாநாயகன், சிவாஜி கணேசன். கதாநாயகி, பண்டரிபாய்.

சிவாஜியின் முதல் படமான "பராசக்தி" வந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அவர் வசனம் பேசும் அழகைக் கேட்கவே ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்த காலம் அது.

கொட்டகையில் விளக்கு அணைந்தது. படம் தொடங்கியது.

துப்பாக்கி வெடித்தது. சிவாஜி சுருண்டு விழுந்தார். செத்துப்போனார்!

முதல் காட்சியிலேயே கதாநாயகன் காலி!

ரசிகர்கள் திகைத்துப் போனார்கள். சரி, பாட்டாவது வரும் என்று பார்த்தார்கள். வரவில்லை. நடனம் வரும் என்று பார்த்தார்கள். அதுவும் வரவில்லை. சண்டைக் காட்சியும் இல்லை.

இதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பு, ஒரே படத்தில் நாற்பது, ஐம்பது பாட்டுகள் இருந்தது உண்டு. 1954-லும் பாட்டு இல்லாத தமிழ்ப் படத்தை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. பாட்டு, நடனம், சண்டை மூன்றும் இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் "அந்த நாள்".

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாட்டே வேண்டாம் என்று முடிவு செய்த பாலசந்தர், சங்கீதம் தெரியாதவர் அல்ல. "வீணை பாலசந்தர்" என்று உலகம் புகழ்ந்த மேதை அவர்தான்!

பாட்டுக்காக வந்தவர்கள் ஏமாந்தார்கள். "படம் எப்படி?" என்று கேட்டவர்களிடம், "ஒரு பாட்டுகூட இல்லை" என்றார்கள்.

படத்துக்கு வசூல் ஆகவில்லை.

ஒரு கொலை, ஐந்து பேர்

அப்படி என்னதான் கதை?

இரண்டாவது உலகப்போர் நடந்த காலம். 1943-ம் ஆண்டு அக்டோபர் மாதம், சென்னை நகரில் ஜப்பான் விமானம் குண்டு போட்டது. இது உண்மையாக நடந்த சம்பவம். அந்தச் சமயத்தில் நடப்பதாகக் கதை தொடங்குகிறது.

ராஜன் ஒரு ரேடியோ என்ஜினீயர். அவன் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். துப்பறியும் அதிகாரி வருகிறார். அந்த வேடத்தில் நடித்தவர் ஜாவர் சீதாராமன். படத்தின் வசனத்தை எழுதியவரும் அவர்தான்.

ஐந்து பேர் மீது சந்தேகம். மனைவி, தம்பி, தம்பியின் மனைவி, ராஜனோடு தொடர்பு வைத்திருந்த நாட்டியக்காரி, பக்கத்து வீட்டுக்காரர்.

அதிகாரி ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார். அவரவர் தாம் அறிந்த ராஜனைப் பற்றிச் சொல்கிறார்கள். ஒருவர் சொல்லும்போது ஒருவன் மாதிரி தெரிகிறான். இன்னொருவர் சொல்லும்போது வேறு மாதிரி தெரிகிறான். சந்தேகம் ஒருவரை விட்டு இன்னொருவரிடம் தாவிக்கொண்டே போகிறது.

ஜப்பானிய டைரக்டர் அகிரா குரோசாவா எடுத்த "ராஷோமோன்" என்ற படத்தை ஒரு திரைப்பட விழாவில் பாலசந்தர் பார்த்தார். ஒரே சம்பவத்தை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லும் படம் அது. 1951-ம் ஆண்டு வெனிஸ் நகரப் பட விழாவில் முதல் பரிசு பெற்றது.

அந்தப் பாணியில் பாலசந்தர் ஒரு நாடகம் எழுதினார். வானொலிக்குக் கொடுத்தார். வானொலி ஏற்கவில்லை. மெய்யப்பன் துணிந்து அதைப் படமாக்கினார்.

சரி, ராஜனைக் கொன்றது யார்?

அது இங்கே சொல்லப்படாது! ஏன் என்பது பின்னால் தெரியும்.

தீர்ப்பு மாறியது

மறு ஆண்டு, 1955. சிறந்த படங்களுக்கு மத்திய அரசு விருது கொடுத்தது. தமிழ்ப் படங்களில் முதல் இடம் "மலைக்கள்ளன்" படத்துக்குக் கிடைத்தது. இரண்டாவது சிறந்த படம் என்று நற்சான்று பெற்றது எது தெரியுமா?

"அந்த நாள்"!

ஆண்டுகள் ஓடின. அன்று குறை என்று சொல்லப்பட்டதையே, பிறகு வந்தவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். "பாட்டே இல்லாமல் எவ்வளவு துணிச்சலாக எடுத்திருக்கிறார்கள்!" என்று வியந்தார்கள். இன்று தமிழின் சிறந்த படங்களைப் பட்டியல் போடுகிறவர்கள் "அந்த நாள்" படத்தை விட்டுவிடுவது இல்லை.

படத்தில் ஓர் அடிகூட மாறவில்லை. பார்த்தவர்களின் கண்தான் மாறியது.

இது அந்தக் காலத்துக் கதை மட்டும் அல்ல. 2003-ம் ஆண்டு பொங்கலுக்குக் கமல்ஹாசனும் மாதவனும் நடித்த "அன்பே சிவம்" வந்தது. முன்பின் அறியாத இருவர், மழையால் விமானம் கிடைக்காமல், புவனேசுவரத்தில் இருந்து சென்னைக்குச் சேர்ந்து பயணம் செய்யும் கதை. கொட்டகையில் வசூல் இல்லை. பிறகு தொலைக்காட்சியில் வந்தது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள், "இதையா தவறவிட்டோம்!" என்றார்கள். இன்று அதைக் கொண்டாடாத ரசிகர் குறைவு.

பாராட்டு பின்னால் வந்தது, நல்லதுதான். ஆனால் பணம் போட்டவருக்கு, நஷ்டம் அன்றைக்கே வந்துவிட்டதே!

ஊர் கூடிப் பார்த்த பெட்டி

கருத்துச் சொல்வது தப்பு என்று இதற்கு அர்த்தம் அல்ல. படம் பார்ப்பதில் பாதி இன்பம், பார்த்த பிறகு பேசுவதில்தான் இருக்கிறது.

1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந்தேதி சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அப்போது தெருவுக்கு ஒரு வீட்டில் டெலிவிஷன் பெட்டி இருந்தாலே அதிசயம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் தமிழ்ப் படம். வெள்ளிக்கிழமை இரவு "ஒளியும் ஒலியும்". தெருவே அந்த வீட்டில் கூடும்.

பாட்டி சுவரோரம் சாய்ந்து இருப்பார். பிள்ளைகள் தரையில். நடுவில் செய்தி வரும்போது பேச்சு தொடங்கும்.

"அந்தப் பெண் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்பார் மாமியார்.

"வேறு எப்படித்தான் பேசுவாள், அத்தை? அவள் பட்ட பாடு அப்படி" என்பாள் மருமகள்.

படத்துப் பெண்ணைப் பற்றிய பேச்சுதான். ஆனால் வீட்டில் நேரில் சொல்ல முடியாத எத்தனையோ விஷயங்கள் அந்தப் பேச்சில் வெளியே வந்துவிடும்!

நிகழ்ச்சிகளைப் பற்றி நேயர்கள் நிலையத்துக்கும் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களுக்குப் பதில் சொல்ல "எதிரொலி" என்று ஒரு நிகழ்ச்சியே நடந்தது. கடிதம் எழுதியவர்கள் வெறுமனே "பிடிக்கவில்லை" என்று எழுதினால் போதாது. எது பிடிக்கவில்லை, ஏன் பிடிக்கவில்லை என்று எழுதவேண்டும். எழுதுவதற்கு முன் யோசிக்கவேண்டும்.

கோர்ட்டுக்குப் போன கருத்து

இப்போது யோசிக்க நேரம் இல்லை. கையில் செல்போன் இருக்கிறது. இடைவேளை வருவதற்குள்ளேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். கொட்டகை வாசலில் மைக்கை நீட்டி, "படம் எப்படி, அண்ணா?" என்று கேட்கிறார்கள். சொன்ன சொல் சில நிமிடங்களில் ஊரெல்லாம் பரவிவிடுகிறது.

இதனால் படங்கள் அடிபடுகின்றன என்று பட அதிபர்கள் வருந்தினார்கள். 2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம், தமிழ்ப் பட அதிபர்களின் சங்கம் ஒன்று சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமர்சனம் வெளியிடத் தடை போடவேண்டும் என்று கேட்டது.

உடனே தடை போட ஐகோர்ட்டு மறுத்துவிட்டது. கருத்துச் சொல்வது மக்களின் உரிமை என்று சுட்டிக்காட்டியது.

சரியான பேச்சுதான். காசு கொடுத்துப் பார்த்தவர் வாயைப் பூட்ட முடியுமா? பூட்டவும் கூடாது.

ஆனால் ஒன்று. உரிமை இருக்கிறது என்பதற்காகப் பொறுப்பு இல்லாமல் போய்விடுமா?

ஒரு படத்தில் நட்சத்திரங்கள் மட்டும் இல்லை. விளக்குப் பிடிப்பவர், தையல்காரர், தச்சர், சமையல்காரர் என்று நூற்றுக்கணக்கான பேர் உழைக்கிறார்கள். படம் ஓடினால்தான் அடுத்த படம். அடுத்த படம் இருந்தால்தான் அவர்களுக்கு வேலை.

எப்படிச் சொல்வது?

முதலாவது: முழுப் படத்தையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பாதியில் எழுந்து வந்தால், "பாதிதான் பார்த்தேன்" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது: காரணம் சொல்லுங்கள். "மோசம்" என்பது கருத்து அல்ல; கோபம். "முன்பாதி விறுவிறுப்பாகப் போகிறது. பின்பாதியில் கதை இழுக்கிறது" என்று சொன்னால், அது கருத்து. கேட்பவர் போகலாமா, வேண்டாமா என்று தாமே முடிவு செய்துகொள்வார்.

மூன்றாவது: படத்தில் இல்லாததையே சொல்லிக்கொண்டு இராதீர்கள். "பாட்டு இல்லை" என்று சொன்னவர்கள், "அந்த நாள்" படத்தில் இருந்ததைப் பார்க்கத் தவறினார்கள்.

நான்காவது: வீட்டில் சின்னவர்களையும் பேச விடுங்கள். எட்டு வயதுப் பையன், "அந்தத் தாத்தா ஏன் அழுதார்?" என்று கேட்பான். "உனக்கு ஒன்றும் தெரியாது, போ!" என்று அடக்காதீர்கள். பெரியவர்கள் பார்க்கத் தவறியதை அவன் பார்த்திருப்பான்.

ஐந்தாவது: மற்றவருக்குப் பிடித்ததைக் கேலி செய்யாதீர்கள். பாட்டிக்கு ஒரு படம் பிடிக்கும். பேரனுக்கு ஒரு படம் பிடிக்கும். "அந்த நாள்" படத்தில் ஒரே மனிதனைப் பற்றி ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்லவில்லையா? ஒரே படத்தைப் பற்றி ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்வதும் அப்படித்தான். ஐந்தையும் கேட்டால்தான் படம் முழுதாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று. முடிவைச் சொல்லிவிடாதீர்கள்!

அந்தக் காலத்தில் சினிமா கொட்டகையில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். அதில் கதைச் சுருக்கம் இருக்கும். கதை சுவையான கட்டத்துக்கு வந்ததும் சட்டென்று நின்றுவிடும். கீழே ஒரு வரி அச்சிட்டு இருப்பார்கள். படம் பார்த்தவர் எல்லோரும் மனதில் வைக்கவேண்டிய வரி அது.

அதனால்தான் ராஜனைக் கொன்றது யார் என்று இங்கே சொல்லவில்லை.

மீதியை வெள்ளித்திரையில் காண்க!