நிரூபணமும் நிரலும்

தேசப்படம் ஒன்றில் அடுத்தடுத்த நாடுகளுக்கு ஒரே வண்ணம் வாராதபடி தீட்ட நான்கு வண்ணங்கள் போதுமா? 1852ஆம் ஆண்டில் எழுந்த வினா இது. போதும் என்று 1976இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த அப்பெல், ஹாக்கென் என்னும் இருவர் நிரூபித்தனர். ஆனால் அந்நிரூபணத்தின் பெரும்பகுதியைக் கணிப்பொறி ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓடிச் செய்தது. மனிதன் ஒருவன் படித்துச் சரிபார்க்க இயலாததை நிரூபணமென்று எங்ஙனம் ஏற்பது என்று கணித அறிஞர் பலர் முகம் சுளித்தனர். நியாயமான கேள்விதான். நிரூபணம் என்பதுதான் யாது என்று முதலில் பார்ப்போம்.

தர்க்க நூலில் 'அ உண்மையாயின் ஆ உண்மை' என்றொரு வாக்கியம் உண்டு. அதை நிரூபிப்பதாவது, அ-வுக்கு ஒருவர் சான்று கொணர்ந்தால் அதனை ஆ-வுக்குரிய சான்றாக மாற்றித் தரும் வழியொன்றைக் கையில் வைத்திருப்பதே. நெல்லை இட்டால் அரிசி தரும் ஆலையை எண்ணிப் பாருங்கள். கணிப்பொறிக்கு எழுதும் நிரலும் அத்தகையதே: ஓர் இனத்துப் பொருளை ஏற்று வேறோர் இனத்துப் பொருளைத் தருவது. வாக்கியம் நின்ற இடத்தில் இனம் நிற்கிறது. நிரூபணம் நின்ற இடத்தில் நிரல் நிற்கிறது. இவ்வொற்றுமையின் சாயலை ஹாஸ்கெல் கரி 1934இல் கண்டார். வில்லியம் ஹோவர்டு 1969இல் அதனை விரிவாக எழுதினார். அவ்வேடு பிரதிகளாகக் கைமாறிக்கொண்டிருந்து, 1980இல்தான் அச்சேறியது!

அரிசியையும் உளுந்தையும் ஒருங்கே ஏற்று மாவு தரும் எந்திரம் ஒன்று இருக்கட்டும். மற்றோர் எந்திரம் அரிசியை மட்டும் ஏற்று, உளுந்தை எதிர்நோக்கி நிற்கும் புதிய எந்திரம் ஒன்றையே தருகிறது. அதில் உளுந்தை இட்டால் மாவு வரும். இரண்டும் பயனில் ஒன்றே. தர்க்கத்தில், 'அ-வும் ஆ-வும் உண்மையாயின் இ' என்பதும், 'அ உண்மையாயின், ஆ உண்மையாகும்போது இ' என்பதும் ஒன்றாதல் போல. ஐலன்பெர்க், மக்லேன் இருவரும் 1945இல் வகுத்த கேட்டகரிக் கோட்பாடு, பொருள்களை விடுத்து அவற்றிடையே செல்லும் அம்புகளையே பெரிதாகக் கொள்வது. அங்கும் இதே மாற்றம் ஒரு விதியாக விளங்குகிறது. 1970களின் தொடக்கத்தில் லாம்பெக் இதனை எடுத்துக்காட்டினார். மூன்று துறையினர் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே இலக்கணத்தை எழுதி வந்தனர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஓர் எச்சரிக்கை. 'ஒன்று உண்மை, அன்றேல் அதன் மறுப்பு உண்மை' என்னும் பழைய விதி இங்கே இலவசமாகக் கிடையாது. இரண்டில் எது என்று சொல்லும் நிரலைக் காட்டினாலன்றி அது செல்லாது.

இனி நம் வண்ணங்களுக்கு வருவோம். வாக்கியத்தை இனமாகவும் நிரூபணத்தை நிரலாகவும் எழுதிவிட்டால், நிரூபணத்தைச் சரிபார்ப்பது நிரலின் இனத்தைச் சரிபார்ப்பதாகச் சுருங்கும். அவ்வேலைக்குச் சிறியதொரு சோதனை நிரலே போதும். அப்போது காக் என்று வழங்கிய கருவியில் 2005இல் ஜார்ஜ் கோந்தியே நான்கு வண்ணத் தேற்றம் முழுவதையும் இவ்வாறு எழுதிச் சரிபார்த்தார். இன்று ஐயமுற்றவர் அந்த நீண்ட கணக்குகளைப் புரட்ட வேண்டுவதில்லை. அச்சிறு சோதனை நிரலையும், தேற்றத்தின் வாசகம் நாம் கருதியதைத்தான் சொல்கிறதா என்பதையும் ஆராய்ந்தால் போதும்.